ஊர் பேரா, ஆள் பேரா

அந்த ஷூ கம்பெனியில் என் பெயர் காட்பாடி. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சாம்பிள் ரூமில் அதே பெயரில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் பாய் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "இன்னொண்ணா? தாங்காது. எந்த ஊர்லேர்ந்து வர்றே?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, காட்பாடி. போய் உக்காரு" என்றார். அந்தப் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அங்கே பாதிப் பேர் ஊர்ப் பெயரோடுதான் நடமாடினார்கள். தோல் வெட்டுகிறவர் திமிரி. பசை பூசுகிற அக்கா பேர்ணாம்பட்டு. ஜன்னலோரத் தையல் மெஷினில் உட்கார்ந்து மாதிரி ஷூக்களின் மேல்பாகத்தைத் தைத்துக்கொண்டிருந்தவள் ஒடுகத்தூர். பிற்பாடு நான் கல்யாணம் செய்துகொண்டது அவளைத்தான். இதை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதிக்கோங்க, ஆனா பேரு கீரு போட்டுடாதீங்க" என்றாள். அதனால் அவள் இங்கேயும் ஒடுகத்தூர்தான்.

நான் வேலூரில் ஆங்கில இலக்கியம் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை, ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த அப்பாவுக்கும் தெரியவில்லை. சித்தப்பா ஒருவர் சொல்லி இந்த வேலை கிடைத்தது. வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் மெயிலைப் படித்து, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று சாம்பிள் ரூமுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலையில் காட்பாடியில் பாசஞ்சர் ரயில் ஏறுவேன். குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம் என்று நின்று நின்று ஆம்பூர் வரும். இறங்கியதும் தோல் வாசனை மூக்கில் ஏறும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா என் சட்டையைத் தனியாகத்தான் ஊறவைப்பாள்.

சேர்ந்த புதிதில் ஒரு மெயில் வந்தது. ஆக்ஸ்போர்டு வேண்டாம், டெர்பியாக மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஆக்ஸ்போர்டு என்றால் பல்கலைக்கழகம், அகராதி. டெர்பி என்றால் குதிரைப் பந்தயம். மெயிலை அப்படியே வாசித்துவிட்டுப் பாயின் முகத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு ஷூக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். கயிறு கட்டும் இடத்தில் இரண்டு பக்கத் தோலும் முன்பாகத்துக்கு அடியில் போய் மூடிக்கொண்டிருந்தால் ஆக்ஸ்போர்டு. மேலே தைத்துத் திறந்து விட்டிருந்தால் டெர்பி.

"ரெண்டும் இங்கிலீஷ் ஊரு பேருங்க பாய்" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொன்னதுதான்.

"ஊரா?" என்றார். "முப்பது வருசமா தச்சிக்கினு இருக்கோம். ஊருன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்."

சாப்பாட்டு நேரத்தில் ஒடுகத்தூர் தன் டப்பாவோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "சார், ஒண்ணு கேக்கட்டா? ஸ்வேட், ஸ்வேட்டுன்றோமே, அதுவும் ஊரா?"

உட்பக்கத்தைத் தேய்த்து வெல்வெட் மாதிரி ஆக்கிய தோலுக்குத்தான் ஸ்வேட் என்று பெயர். எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். தொடுதிரை போன் கைக்கு வந்திருந்த புதிது. ரயிலில் உட்கார்ந்து தேடினேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. குடியாத்தம் தாண்டியபோது விடை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஸ்வீடன் நாட்டிலிருந்து அந்த மாதிரித் தோலில் கையுறை வாங்கியிருக்கிறார்கள். ஸ்வீடன் கையுறை, ஸ்வீடன் கையுறை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கையுறை உதிர்ந்து நாட்டின் பெயர் மட்டும் தோலுக்கு ஒட்டிக்கொண்டது. தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த பூக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மறுநாள் சொன்னதும் ஒடுகத்தூரின் முகம் மலர்ந்தது இன்னும் நினைவிருக்கிறது. கையிலிருந்த ஸ்வேட் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத்தினி நாளு ஒரு நாட்ட கையில வச்சிக்கினு இருந்தேனா!" என்றாள்.

அதிலிருந்து தினம் ஒரு வார்த்தை என்று ஆகிவிட்டது. மெத்தென்ற நப்பா தோல், அமெரிக்காவில் நாபா என்கிற ஊரில் முதலில் பதனிட்டது. டெனிம், பிரான்ஸில் நீம் என்கிற ஊரின் துணி. ஜீன்ஸ், இத்தாலியில் ஜெனோவா. குதிரை ஓட்டுகிறவர்களுக்காக நாங்கள் தைத்த கணுக்கால் பூட்ஸுக்கு மெயிலில் ஜோத்பூர் என்று எழுதியிருந்தார்கள். "நம்ம ஜோத்பூரா? ராஜஸ்தானா?" என்று அவள் நம்பவே இல்லை. பெல்ட் தைக்கிற பிரிவிலிருந்தும் பெண்கள் வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். ஊர்கள் தீர ஆரம்பித்ததும் ஆட்களுக்குத் தாவினேன். சீட்டாட்ட மேஜையை விட்டு எழ மனமில்லாமல், ரொட்டிக்கு நடுவே கறியை வைத்துக் கொண்டுவரச் சொன்ன பிரபுவின் பட்டப்பெயர்தான் சாண்ட்விச் என்பார்கள். முன்பக்கம் பித்தான் வைத்த கம்பளிச் சட்டைக்குப் பெயர் கொடுத்த கார்டிகன் என்பவரும் ஒரு பிரபு, பட்டாளத்துக்காரர்.

இதெல்லாம் என்னோடும் அவளோடும் நிற்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடும்போது அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். ஒடுகத்தூரில் காட்டோரமாகக் கொஞ்சம் நிலம், வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற விவசாயி. ஒரு நாள் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"எங்க நைனா ஒண்ணு கேக்கச் சொன்னாரு சார்."

"இன்னா?"

"டீசல், ஊரா ஆளான்னு."

கிணற்றில் டீசல் மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டிருந்தவருக்கு வந்த சந்தேகம் அது. ஆள்தான், ஜெர்மன் இன்ஜினீயர், அந்த இன்ஜினை உண்டாக்கியவர் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் மோட்டார் கிளம்பாமல் மக்கர் பண்ணியபோது, "ஏன்டா ஜெர்மன்காரா, பேஜார் பண்றே" என்று அதைத் திட்டினாராம். கேட்டுச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

பிறகு அவரிடமிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தது. சாண்டோ பனியன் எப்படி வந்தது என்று கேட்டார். அந்தக் காலத்தில் உலகமெல்லாம் சுற்றி உடம்பைக் காட்டிய ஒரு பயில்வானின் பெயர் அது என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் அவர் கண்ணாடி முன்னால் நின்று கையை மடக்கிப் பார்த்ததாகவும், தன் அம்மா பார்த்துவிட்டதும் தலைவாருவதுபோல் நடித்ததாகவும் ஒடுகத்தூர் சொன்னாள். முகம் பார்க்காமலே அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது.

அவருக்கு மிகவும் பிடித்தது பாய்காட் கதை. டிவி செய்தியில் அந்த வார்த்தை வந்ததாம். அயர்லாந்தில் ஜமீனுக்காகக் குத்தகை வசூலித்த ஏஜென்ட் ஒருவர். விளைச்சல் கெட்ட வருஷத்தில் குத்தகை கட்ட முடியாத குடும்பங்களை நிலத்தை விட்டு வெளியேற்றப் பார்த்தார். ஊரே சேர்ந்து அவரோடு பேச்சை நிறுத்தியது. அவர் வயலுக்கு ஆள் போகவில்லை, கடைக்காரர் சாமான் கொடுக்கவில்லை, தபால்கூடப் போய்ச் சேரவில்லை. அவருடைய பெயரே அந்தச் செயலுக்குப் பெயராகிவிட்டது. இதை ஒடுகத்தூரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாராம். "அடிக்காம உதைக்காம ஒருத்தன ஊரவுட்டே அனுப்பிட்டானுங்க பாரு" என்று வியந்தாராம்.

எப்போது இது வேறு ஒன்றாக மாறியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பாய்க்குத் தெரியும். ஒரு சமயம் ஒடுகத்தூர் காய்ச்சலில் சில நாள் வேலைக்கு வரவில்லை. மெட்ராஸ் என்ற பெயரில் உலகமெல்லாம் விற்ற கட்டம் போட்ட துணியைப் பற்றி நான் படித்து வைத்திருந்தேன். சொல்வதற்கு ஆளில்லை. பொறுக்காமல் பாயிடம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட ஏன்டா சொல்றே?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "காய்ச்சல் அவளுக்கா, உனக்கா?" என்றார்.

அவள் திரும்பி வந்த வாரம், கம்பெனி வேன் கிளம்புவதற்கு முன்னால் கேட்டருகே என்னை நிறுத்தினாள். "வீட்ல மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீ இன்னா சொல்றே?" என்றாள். அன்றுதான் முதல் முறையாக சார் விட்டுப்போனது. நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நினைவில்லை. ஏதோ உளறினேன் என்றும், ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது என்றும் அவள் சொல்கிறாள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள், அவர்கள் இந்துக்கள். அதற்குள்ளே இன்னும் சில வித்தியாசங்கள், எங்கள் பக்கத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கள் வீட்டில் அம்மா சில நாள் என்னோடு பேசாமல் தட்டை மட்டும் நகர்த்தி வைத்தாள். அவர்கள் வீட்டில் நைனா மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. கேள்வி அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எனக்கும்தான்.

பிறகு ஒரு நாள் சொல்லி அனுப்பினார். "அந்தப் பையன நெலத்துக்கு வரச் சொல்லு."

பஸ்ஸில் ஒடுகத்தூர் போய் இறங்கி, வரப்பில் ஆபீஸ் ஷூவோடு தடுமாறி நடந்தேன். தலையில் துண்டு, மேலே அந்தச் சாண்டோ பனியன். ஒல்லியான மனிதர். நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட உயரம் கம்மி. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, காயோடு நீட்டினார்.

"சாப்புடு தம்பி. பால் கொட்ட."

இன்னும் முற்றாத அந்தக் கடலையை உரித்து வாயில் போட்டேன். என்ன பேசுவது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஆரம்பித்தேன்.

"இதுவும் ஊரு பேருதாங்க."

"எது?"

"மல்லாட்ட."

எங்கள் பக்கத்தில் கிராமத்தில் வேர்க்கடலையை அப்படித்தான் சொல்வார்கள். அவர் முகம் சுருங்கியது. "இது இங்கிலீஷ் இல்ல தம்பி. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இந்த மண்ணுல போடறது."

"மணிலான்னு ஒரு ஊரு இருக்குதுங்க. கடல் தாண்டி, பிலிப்பைன்ஸ் நாட்டுல. அங்கேர்ந்து வந்துச்சுன்னு மணிலாக்கொட்ட. அது தேஞ்சு மல்லாக்கொட்ட. அப்புறம் மல்லாட்ட."

அவர் ஒரு காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். தப்பாகப் பேசிவிட்டேன், காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

"வெவசாய ஆபீசுல மணிலா மணிலான்னுதான் எழுதறானுங்க" என்றார் கடைசியில். "ஏதோ வெத ரகம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்ப இதுவும் வெளியூர்லேர்ந்து வந்ததுதானா?"

"ஆமாங்க."

"ம்" என்றார். துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "உங்க வீட்ல ஒத்துக்குவாங்களா?" என்று கேட்டார்.

வேலூர் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. புடவை எடுக்க அம்மாவே கடைசியில் கிளம்பிப் போனாள். சாம்பிள் ரூம் மொத்தமும் வந்து படியில் நின்றது. ஒடுகத்தூர் பக்கத்தில் அவள் நைனாவும் அம்மாவும், இனி எனக்கு மாமாவும் அத்தையும், மட்டும்தான். மாமாவின் அண்ணன், என் மனைவிக்குப் பெரியப்பா, ஊரில் செல்வாக்கான மனிதர். அவர் முந்தின நாளே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாராம்: "நீ கையெழுத்துப் போடப் போறதுன்னா போ. இனிமே உன் வாசப்படிய நானும் மிதிக்கமாட்டேன், நம்ம பங்காளிங்களும் மிதிக்கமாட்டாங்க." மாமா இதை எங்களிடம் சொல்லவில்லை. அத்தை அழுதுகொண்டே சொன்னாள்.

நாங்கள் ஆம்பூரில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டோம். இரண்டு பேரும் ஒன்றாக வேலைக்குப் போனோம், ஒன்றாக வந்தோம். அந்த மாதங்களை நினைத்தால் ஏதோ வெளிச்சமான அறைக்குள் நுழைவதுபோல இருக்கிறது. ஊரில் மாமாவுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்கள் காதுக்கு வரவில்லை.

கடலை பிடுங்கும் பருவம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாமா போன் செய்தார். எப்போதும் அவளுக்குத்தான் செய்வார். அன்று எனக்கு.

"மாப்ள, அந்த அயர்லாந்துக்காரன் கத இருக்குதே. அவன் நெலத்துல அறுப்புக்கு ஆளு வந்தாங்களா, இல்லியா?"

வழக்கமான சந்தேகம் என்று நினைத்து உற்சாகமாகச் சொன்னேன். "வந்தாங்க மாமா. அக்கம்பக்கத்துல யாரும் வரல. வேற எங்கேர்ந்தோ ஆளுங்க வந்தாங்க. பட்டாளம் காவலுக்கு நின்னுச்சாம்."

"பட்டாளமா!" லேசாகச் சிரித்தார். "நமக்கு அவ்ளோ வசதி இல்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "இன்னா ஆச்சு மாமா?"

"மல்லாட்ட பிடுங்க ஒருத்தரும் வரல. ஒவ்வொரு வருசமும் அவங்க நெலத்துக்கு நாங்க போவோம், எங்க நெலத்துக்கு அவங்க வருவாங்க. இந்த வருசம் போய்க் கூப்ட்டா வேற வேல இருக்குதுன்றாங்க. கூலிக்குக் கூப்ட்டாலும் வரமாட்டேன்றாங்க. அண்ணன் சொல்லி வச்சிருக்கான். நானும் அவளும் ரெண்டு பேரா எவ்ளோ பிடுங்கறது? மழ வேற கட்டிக்கினு நிக்குது. பேஞ்சா மண்ணுக்குள்ளயே மொளச்சிடும்." கொஞ்சம் நிறுத்தினார். "அந்த ஆளாவது ஏழைங்கள நெலத்தவுட்டு வெரட்டப் பாத்தவன். அவனுக்குச் செஞ்சாங்க, சரி. நான் இன்னா மாப்ள பண்ணேன்? பொண்ணக் கட்டிக் குடுத்தேன்."

வார்த்தைகளை எல்லாம் ஒரு விளையாட்டாக நான் அவருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்று அவர் வாசலில் போய் இப்படி உட்காரும் என்று நினைத்ததில்லை.

சாப்பாட்டு ஹாலில் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. டப்பாவை மூடிவைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி நடந்ததைச் சொன்னாள். முதலில் பேர்ணாம்பட்டு அக்காதான் வாயைத் திறந்தாள். "நான் மல்லாட்ட பிடுங்கி வளந்தவதான். ஞாயித்துக்கெழம எனக்கு வீட்ல ஒண்ணும் வேல இல்ல." தோல் வெட்டுகிற திமிரிக்காரர், "எங்கூட்லயும் அதே பயிருதான்" என்றார். பாய் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "வேன் டிரைவர்கிட்ட நான் பேசறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். மாதனூரில் டீ குடித்துவிட்டு ஒடுகத்தூர் ரோட்டில் திரும்பினோம். வேன் நிறைய ஆட்கள். மாமா நிலத்து ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். வேனிலிருந்து ஒவ்வொருவராக இறங்க இறங்க, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார். கோபமோ என்று பயந்தேன். திரும்பி வரும்போது பனியனுக்கு மேலே வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கல்யாணத்துக்குப் போட்ட சட்டை. வந்தவர்களுக்கு மரியாதை செய்ய அவருக்குத் தோன்றிய வழி அது. அந்தச் சட்டையோடுதான் அன்று முழுவதும் மண்ணில் குனிந்தார்.

தெரிந்தவர்கள் பிடுங்கினார்கள், தெரியாதவர்கள் உட்கார்ந்து செடியிலிருந்து காயை ஆய்ந்தார்கள். நான் பிடுங்கிய செடிகளில் பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. என்னை ஆயும் கும்பலுக்கு அனுப்பிவிட்டாள் என் மனைவி. பாய்க்கு முட்டி வலி, குந்த முடியாது. புங்க மரத்தடியில் ஒரு கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தார். ஷூவில் ஒரு தையல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற ஆள், ஒவ்வொரு காயையும் திருப்பிப் பார்த்துப் பார்த்துப் போட்டார். "பாய், எக்ஸ்போர்ட்டு இல்ல இது, சீக்கிரம் போடுங்க!" என்று பெண்கள் கத்தினார்கள். மத்தியானம் அத்தை கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். பாய் வீட்டிலிருந்து ஒரு பெரிய டிபன் கேரியர் வந்திருந்தது. எல்லாவற்றையும் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பக்கத்து நிலங்களிலிருந்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. தூரத்தில் வரப்பில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றதையும், கொஞ்ச நேரம் கழித்துப் போய்விட்டதையும் பார்த்தேன். "பெரியப்பா" என்றாள் என் மனைவி, தலையைத் தூக்காமல்.

சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது பாதி நிலம்தான் முடிந்திருந்தது. மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மாமா போன் செய்தார்.

"அண்ணன் வந்தான் மாப்ள."

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. விடியக்காலம் நான் மேல்பக்கத்துலேர்ந்து பிடுங்க ஆரம்பிச்சேன். பாத்தா கீழ்ப்பக்கம் பசங்களக் கூட்டிக்கினு வந்து அவன் பிடுங்கறான். நான் கீழ போனேன், அவன் மேல வந்தான். நடுவுல பாத்துக்கினோம்."

"அப்புறம்?"

"'வெளியூர்க்காரங்க வந்து பிடுங்கற மாதிரி ஆயிடுச்சே'ன்னான். அவ்ளோதான். முடிச்சிட்டுத்தான் போனான்."

மழை அன்று ராத்திரியே வந்துவிட்டது. மனஸ்தாபம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பெரியப்பா என்னோடு நேராகப் பேச எங்களுக்குக் குழந்தை பிறக்கவேண்டியிருந்தது. இன்றும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "இன்னாபா" என்றுதான் ஆரம்பிப்பார். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு மாமா வீட்டு வாசலில் ஆள் நடமாட்டம் நிற்கவில்லை.

அதற்கப்புறம் நல்ல வருஷங்கள் நிறைய வந்தன. மாமா ஆம்பூருக்கு வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கொண்டுவருவார். என் மகளுக்குத் தாத்தாவிடம் பிடித்த விளையாட்டும் அதுதான். மாரத்தான் ஊர் என்று அவள் பள்ளிக்கூடத்தில் படித்து வந்து சொன்னபோது, அவர் அதை ஒடுகத்தூர் டீக்கடை முழுவதும் பரப்பினார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அவர் கையில் டீ கிளாஸ் ஆட ஆரம்பித்தது. முதலில் வயசு என்று விட்டோம். நடை சின்னதானது. குரல் தணிந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா அவரை நடக்க வைத்து, விரல்களை மடக்கி நீட்டச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பார்க்கின்சன்."

மாமா நிமிர்ந்தார். "அது ஊரா, ஆளா டாக்டரம்மா?"

டாக்டர் புரியாமல் என்னைப் பார்த்தார். என் மனைவிதான் விளக்கிச் சொன்னாள். டாக்டர் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஆளுதான் அய்யா. இந்த நோய முதல்ல பாத்து எழுதின டாக்டரு" என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் திரும்பும்போது மாமா ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டு வந்தார். "பாவம் மாப்ள அந்த டாக்டரு" என்றார். "நோய் இன்னதுன்னு கண்டுபிடிச்சிச் சொன்னான். அவன் பேரையே நோய்க்கு வச்சிட்டானுங்க." அவர் கை தொடைமேல் நடுங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி அதைத் தன் கையால் மூடிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியின் சாம்பிள் ரூம் இப்போது இல்லை. வேலையை ராணிப்பேட்டைக்கு மாற்றிவிட்டார்கள். அவளும் நானும் வேறு வேறு கம்பெனிக்குப் போய்விட்டோம். அங்கே எங்களை எங்கள் சொந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். காட்பாடி என்று யாராவது கூப்பிட்டுக் கேட்டு வெகு நாளாயிற்று. திமிரிக்காரர் ஊரோடு போய்விட்டார். பேர்ணாம்பட்டு அக்கா மகளோடு பெங்களூரில் இருப்பதாகக் கேள்வி. அன்று வயலில் இருந்தவர்களை எல்லாம் ஒரே இடத்தில் மறுபடி நான் பார்த்ததில்லை.

பாயை மட்டும் போன மாதம் ஆம்பூர் பஜாரில் பார்த்தேன். வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறார். மாமாவைப் பற்றிச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே அவரும் எங்களோடு ஒடுகத்தூர் கிளம்பிவிட்டார். மாமா கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் பேசுவது இப்போது பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, காதை அவர் வாயருகே கொண்டுபோனார். மாமா என்னவோ சொன்னார். பாய் உடம்பு குலுங்கச் சிரித்தார். பதிலுக்கு அவரும் ஏதோ சொல்ல, மாமாவின் முகம் முழுவதும் சிரிப்பாக மாறியது. நானும் என் மனைவியும் வாசலிலேயே நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என்ன பேசினார்கள் என்று பிறகும் நாங்கள் கேட்கவில்லை.